தடி டயர் போட்டாச்சுன்னு பஞ்சர் கிட்டை வீட்டுல வெச்சுட்டு கிளம்புறவங்களுக்கு

ஏர்வாடி தாண்டி சாயல்குடி போற ஈசிஆர் ரோட்டுல, நல்ல உச்சி வெயில்ல, சைக்கிளோட பின் சக்கரம் ஆட ஆரம்பிச்சுது. நம்பவே முடியல, ஏன்னா டயர் வாங்கி மூணு மாசம்தான் ஆகுது, நல்ல தடியான டூரிங் டயர் (தூரப் பயணத்துக்குன்னு வர்றது), அதை வாங்க ரெண்டு மாசம் காசு சேர்த்தேன், போதாததுக்கு கிளம்புறதுக்கு முன்னாடி வாட்ஸப் குரூப்ல "இனி பஞ்சர்னா என்னன்னே மறந்துடும்"னு பெருமை வேற பேசியிருந்தேன். லாரி ஒண்ணு பின்னாடி இருந்து ஹாரன் அடிச்சுது, தாரை விட்டு மண்ணுல இறங்கினேன், அவ்ளோதான். யாரோ சீமைக்கருவேலத்தை வெட்டி விறகுக்கு இழுத்துட்டுப் போன தடம் அது.

டியூப் மாத்தினேன், காத்தடிச்சேன், ரெண்டு கிலோமீட்டர்ல மறுபடியும் உக்காந்துடுச்சு. ஸ்பேர் டியூப் இருந்ததே ஒண்ணுதான். தள்ளிக்கிட்டே போய் ஒரு டீக்கடை பக்கத்துல பஞ்சர் கடையைப் பிடிச்சேன். அங்க இருந்த அண்ணன் டியூபை எடுத்து ஓரமா போட்டுட்டு, டயருக்குள்ள ஒரு துண்டு பஞ்சை வெச்சு சுத்தி ஒரு இழு இழுத்தாரு. ஒரு இடத்துல பஞ்சு மாட்டி நார் நாரா நின்னுச்சு. அங்க பார்த்தா உடைஞ்ச முள்ளு முனை, பாதி அரிசி அளவு கூட இருக்காது. "முள்ளை உள்ளயே விட்டுட்டு எத்தனை டியூப் மாத்துனாலும் இதேதான் தம்பி"ன்னு சொல்லிட்டு கொறடால பிடுங்கிப் போட்டாரு.

அந்த ஒரு மத்தியானத்துல நான் பண்ணது ரெண்டு தப்பு.

முதல் தப்பு, தடி டயர்னா மொத்தமும் தடின்னு நினைச்சது. ஷ்வால்பே கம்பெனியோட மாரத்தான் பிளஸ் மாதிரி டயருக்குள்ள 5 மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு ரப்பர் படை இருக்கும், போர்டுல குத்துற டிராயிங் பின் குத்துனாலும் டியூப் வரைக்கும் போய்ச் சேராது, அது உண்மைதான். ஆனா அந்தப் படை ரோட்டுல படுற பாகத்துக்கு மட்டும்தான். பக்கவாட்டு சுவர் மெலிசா வளையுற மாதிரிதான் இருந்தாகணும், இல்லன்னா சக்கரம் கட்டை மாதிரி ஓடும். கருவேல முள்ளு படுத்துக் கிடக்கும்போது மண்ணுல அழுந்துற டயரோட ஓரத்துலதான் ஏறும், அங்க எந்தப் படையும் கிடையாது. நெருஞ்சி முள்ளுக்கு இந்த டயர் அருமையா தாங்கும் (அமெரிக்கால சைக்கிள்காரங்க 'கோட்ஹெட்'னு புலம்புறாங்களே, அது நம்ம நெருஞ்சியேதான்). முள்ளை விட மோசமானது ஹைவே ஓரம். வெடிச்ச லாரி டயர்ல இருந்து தலைமுடி மாதிரி மெல்லிசு கம்பி உதிர்ந்து கிடக்கும், வண்டிங்க போற காத்து எல்லாத்தையும் வெள்ளைக்கோட்டுக்கு வெளிய ஒதுக்கி வெச்சிருக்கும், நாம பாதுகாப்புன்னு அதுமேலயேதான் ஓட்டுறோம். அந்தக் கம்பி அன்னிக்கே குத்தாது, தினம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள ஏறி நாலு நாள் கழிச்சு டியூபைத் தொடும். அதனால சாயங்காலம் தங்குற இடத்துல டயரை ஒரு சுத்து சுத்திப் பார்த்து, வெட்டுக்குள்ள இருக்கிற கண்ணாடித் துண்டு, கம்பியைக் குத்தி எடுத்துடுங்க. புருவம் பிடுங்குற சின்ன இடுக்கி ஒண்ணு போதும்.

ரெண்டாவது தப்பு, காரணத்தைத் தேடாம டியூபை மாத்தினது. ஓட்டை எங்க இருக்குன்னு பார்த்தாலே பாதி கதை தெரிஞ்சுடும். டியூபோட வெளிப்பக்கம்னா ரோட்டு சமாச்சாரம். உள்பக்கம், அதாவது ரிம் பக்கம்னா ரிம் டேப் (ஸ்போக் ஓட்டைகளை மூடுற பட்டை) நகர்ந்து ஸ்போக் ஓட்டையோட விளிம்பு அறுத்திருக்கும், இதுக்கு டயரைத் திட்டி பிரயோஜனமே இல்ல. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டைன்னா காத்து கம்மியா இருந்து பள்ளத்துல ரிம் டியூபை நசுக்கியிருக்கு. வால்வு அடியில கிழிஞ்சிருந்தா அது பம்பை ஆட்டி ஆட்டி நாமளே பண்ணது. இன்னொரு சின்ன வேலை, டயரை மாட்டும்போது மேல இருக்கிற கம்பெனி பேர் வால்வுக்கு நேரா வர்ற மாதிரி மாட்டுங்க. டியூப்ல ஓட்டை வால்வுல இருந்து எவ்ளோ தூரம்னு பார்த்தா டயர்ல முள்ளு எங்கன்னு உடனே கை வெச்சிடலாம், 2 மீட்டர் சுத்தளவையும் தடவ வேண்டியதில்ல.

காத்து விஷயத்துல தடி டயர்காரங்கதான் ரொம்ப ஏமாறுறாங்க, நான் உட்பட. கட்டைவிரலால அமுக்கிப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு"ன்னு கிளம்பிடுவோம். அந்த டயர் 30 பிஎஸ்ஐல (பம்பு கேஜ்ல காட்டுற காத்தழுத்த அளவு) கூட கல்லு மாதிரிதான் இருக்கும், ரப்பரே அவ்ளோ விறைப்பு. கேஜ் இருக்கிற பம்பு இல்லாம இதை சொல்லவே முடியாது. டியூப்ல ஓட்டையே இல்லன்னாலும் காத்து வாராவாரம் இறங்கிட்டே இருக்கும். கம்மி காத்துல லோடு ஏத்தி ஓட்டுனா பக்கச்சுவர் மடிஞ்சு மடிஞ்சு வெடிப்பு விழும், படை 5 மில்லி இருந்தும் டயர் குப்பைதான். அதுக்காக டயர்ல அச்சடிச்ச மேக்சிமம் வரைக்கும் ஏத்துறதும் வேணாம், அது தாண்டக்கூடாத எல்லை. நான் 72 கிலோ, சாமான் 18 கிலோ, 37 மில்லி அகல டயர், பின்னாடி 65 பிஎஸ்ஐ முன்னாடி 50 வெக்கிறேன். முன்னாடி பின்னாடி ஒரே அளவு அடிக்கிறவங்க பாதி பேர் இருப்பாங்க, எடை அதிகமா பின்னாடிதான உக்காருது. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவையும் ரிம் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்குறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும், ரிம் கொதிக்க கொதிக்க டயருக்குள்ள காத்தோட அழுத்தமும் ஏறும், நடுவுல ரெண்டு தடவை நின்னு ஆற விடுங்க.

டயரை மாட்டுறதுலயும் நிறைய டியூப் சாகுது. விறைப்பான டயர், கடைசி நாலு இஞ்ச் ஏறவே ஏறாது, உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேடுவோம், டியூபைக் கடிச்சுடும். டயரோட விளிம்பை ரிம்முக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துக்குள்ள சுத்தி வர அமுக்கிட்டே வந்தா கடைசில தளர்வு தானா கிடைக்கும், சோப்புத் தண்ணி கொஞ்சம் தடவுனா இன்னும் சுலபம். ஒட்டும்போது சொல்யூஷனை ஈரமா இருக்கும்போதே பேட்ச் வெக்காதீங்க, உப்புத்தாள் போட்டு, தடவி, அஞ்சு நிமிஷம் காய விட்டு அப்புறம் அமுக்குங்க. அவசரத்துல நான் ஒட்டுனது எத்தனையோ மறுநாளே உரிஞ்சு வந்திருக்கு. டயருக்கும் டியூபுக்கும் நடுவுல போடுற பிளாஸ்டிக் பட்டை எனக்குப் பிடிக்கல, அதோட முனையே டியூபை உரசி உரசி ஓட்டை போட்டுடும். சீலன்ட் (டியூபுக்குள்ள ஊத்துற, ஓட்டையை அடைக்கிற திரவம்) சின்ன ஓட்டைக்கு சரி, நம்ம வெயில்ல சில மாசத்துல காஞ்சுடும்.

தேய்மானத்துக்கு வந்தா, பின் டயர் முன்னதை விட வேகமா தேயும். தேஞ்ச பின் டயரை முன்னாடி மாத்திப் போட்டு சரிக்கட்டுறவங்க இருக்காங்க, அதைப் பண்ணாதீங்க, முன் டயர் திடீர்னு போச்சுன்னா வண்டி நம்ம கையில இருக்காது. புதுசை முன்னாடி போட்டு, முன்னாடி இருந்ததைப் பின்னாடி தள்ளுங்க. மாரத்தான் பிளஸ்ல நடுவுல நீலப் படை எட்டிப் பார்த்தா அந்த டயரோட ஆயுசு முடிஞ்சுது.

கடைசியா சைஸ் கூத்து. நம்ம டூரிங் சைக்கிளோட 700சிங்கிற சைஸ் டயர்லயும் 28னு போட்டிருக்கும், தாத்தா காலத்து கறுப்பு சைக்கிள் டயரும் 28தான். ஆனா முதலாவதுக்கு ரிம்ல டயர் உக்கார்ற விட்டம் 622 மில்லி, ரெண்டாவது 635. டயர் கிழிஞ்சு போய் ஊர்க்கடையில "28 டயர் இருக்கா அண்ணே"ன்னு கேட்டா, இருக்குன்னு சந்தோஷமா எடுத்துக் குடுப்பாங்க, மாட்டுனா லொடலொடன்னு கழண்டு வரும். 26லயும் இதே கதை, மலை சைக்கிளுக்கு 559, லேடீஸ் சைக்கிளுக்கு 590. பக்கவாட்டுல சின்ன எழுத்துல 37-622னு இருக்கும் பாருங்க, அந்த ரெண்டாவது நம்பரை போன்ல எழுதி வெச்சுக்குங்க. டியூப் மட்டும்னா ஆபத்துக்கு 635 டியூபை 622ல திணிக்கலாம், கொஞ்சம் மடிப்பு விழும், அடுத்த டவுன் வரைக்கும் தாங்கும். அதுவும் ரிம்ல வால்வு ஓட்டை பெருசா இருந்தாதான், பிரெஸ்டாங்கிற ஒல்லி வால்வுக்குப் போட்ட சின்ன ஓட்டைன்னா ஊர்க்கடை டியூப் நுழையவே நுழையாது. நான் இப்போ மூணு டியூப் எடுத்துட்டுப் போறேன்.