கருப்பனுக்கு இன்சூரன்ஸ் கிடைத்த கதை

லண்டனில் இருக்கிறோம். போன வருஷம் ஒரு ராத்திரி எங்கள் பூனை கருப்பன் மண் பெட்டியில் போய்ப் போய்க் குந்தினான், ஒரு சொட்டுகூட வரவில்லை. ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். குழாய் போட்டுக் காப்பாற்றினார்கள். பில்லைப் பார்த்த பிறகுதான் இன்சூரன்ஸ் நினைவே வந்தது; நம்ம புத்தி அப்படி.

கேட்ட இடமெல்லாம் "ஏற்கெனவே இருக்கும் நோய், கிடையாது". மறைத்துவிடலாமா என்று தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கிளெய்ம் போட்டதும் டாக்டரின் குறிப்புகளை வாங்கிப் பார்ப்பார்கள், மாட்டுவது நிச்சயம்.

அந்தக் குறிப்புகளை நானே முதலில் கேட்டு வாங்கினேன். அங்கேதான் விஷயம். என்றோ ஒருநாள் நொண்டினான் என்று ஒரு வரி. அது போதும், கால் முழுவதையும் இன்சூரன்ஸிலிருந்து விலக்கிவிட. "முழுக்கக் குணமாகிவிட்டது" என்று டாக்டரிடம் எழுதி வாங்கினேன். பிறகு ஃபார்மை விட்டுவிட்டு, ஒவ்வொரு கம்பெனிக்கும் போன் போட்டேன்.

ஒன்று ஒத்துக்கொண்டது: சிறுநீர்ப்பாதை மட்டும் விலக்கு, மற்றதெல்லாம் உண்டு. 24 மாதம் அறிகுறி, சிகிச்சை, ஆலோசனை எதுவும் இல்லாவிட்டால் விலக்கை மறுபரிசீலனை செய்வார்களாம். டாக்டர் எழுதித்தரும் சிறுநீர்ப் பிரச்சினைக்கான உணவும் சிகிச்சைக் கணக்குதான் என்றார் போனில் பேசிய பெண். எல்லாவற்றையும் மெயிலில் கேட்டு வாங்கிவிட்டேன்.

அடைப்பு திரும்ப வந்தால்? அதற்கென்று மாதம் 25 பவுண்டு தனிக் கணக்கில் போகிறது. கருப்பனுக்கு இப்போது ஈர உணவு, குடிக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன ஊற்று. ஊற்றை விட்டுவிட்டு என் டம்ளரில்தான் குடிக்கிறான்.