பென்சில் கோட்டை வாசிக்கலாம்: 555 ஐசியில் ஓர் இசைக்கருவி

பென்சில் முனையிலுள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் தயங்கித் தயங்கித்தான் கடத்தும். கோடு நீள நீளத் தடை கூடும், சுருதி இறங்கும். இந்தக் கருவியின் அடிப்படை அதுதான்.

தேவையானவை: 555 டைமர் ஐசி (எட்டுக் கால்கள் கொண்ட சிறு சிப்), பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப்பலகை), 10 கிலோஓம், 100 ஓம் ரெசிஸ்டர்கள், சோதித்துப் பார்க்க ஒரு 100 கிலோஓம் ரெசிஸ்டர், 0.01 மைக்ரோஃபாரட் செராமிக் கப்பாசிட்டர் (103 என்று அச்சிட்டிருக்கும்), 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர், 8 ஓம் ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி, வயர்கள், ஜெம் கிளிப், 6பி பென்சில் (மென்மையாக, கருமையாக எழுதும் வகை). கையால் தொட்டு வாசிக்கும் கருவி என்பதால் பேட்டரி மட்டுமே போதும். வீட்டு மின்இணைப்பில் செருகும் அடாப்டர் வேண்டவே வேண்டாம்.

படி 1: ஐசியின் பிறைவெட்டு மேலே இருக்கும்படி பிரெட்போர்டில் பதியுங்கள். கால்களின் எண்கள்: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1 முதல் 4 வரை. வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5 முதல் 8 வரை.

படி 2: 4, 8 கால்களை பேட்டரியின் பிளஸ்ஸிலும் 1-ஐ மைனஸிலும் இணையுங்கள். 2-ஐயும் 6-ஐயும் ஒரு வயரால் சேருங்கள். 8-க்கும் 7-க்கும் நடுவில் 10 கிலோஓம். 6-க்கும் மைனஸுக்கும் நடுவில் 103 கப்பாசிட்டர். 5-ஐ அப்படியே விட்டுவிடலாம்.

படி 3: 3-லிருந்து 100 ஓம், அதையடுத்து எலக்ட்ரோலிட்டிக்கின் பிளஸ் கால், அதன் மைனஸ் காலிலிருந்து ஸ்பீக்கர், ஸ்பீக்கரின் மறுமுனை மைனஸில்.

படி 4: 7-லிருந்து ஒரு நீள வயரை எடுத்து ஜெம் கிளிப்பால் தாளின் ஓரத்தில் பிடிக்கச் செய்யுங்கள். 6-லிருந்து இன்னொரு வயர். அதன் முனையிலுள்ள பிளாஸ்டிக் உறையைச் சீவிவிட்டால் அதுவே வாசிக்கும் கோல்.

கப்பாசிட்டர் ஒரு குடம் என்றால், பென்சில் கோடு அதற்கு நீர் வரும் குழாய். மின்னழுத்தம் பேட்டரியின் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் ஐசி குடத்தைக் காலிசெய்யும். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி நிரப்பும். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கும் இந்த நிரம்பலும் வடிதலும்தான் நம் காதில் விழும் ஒலி. ஹான்ஸ் காமென்சிண்ட் 1971-இல் வடிவமைத்த ஐசி இது. இன்றும் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொறுமையான ஐசியை நான் பார்த்ததில்லை.

படி 5: இனி வரையுங்கள். இங்கே அவசரமே கூடாது. கிளிப்பின் அடியிலிருந்து தொடங்கி, ஒரு விரற்கடை அகலத்துக்குத் தாள் பளபளக்கும் வரை அழுத்தித் தீட்டுங்கள். பாம்பு, மலைத்தொடர், ஆக்டோபஸ் என எதுவானாலும் சரி, கோடு அறுபடக் கூடாது. கிளைகள் விட்டால் ஒவ்வொரு கிளை நுனியும் ஒரு ஸ்வரம். கோலைக் கோட்டின் மேல் இழுத்தால் கமகம்போல் வழுக்கிச் செல்லும்.

சுருதி சேர்ப்பதும் பென்சிலால்தான். ஒலி தாழ்வாக இருந்தால் அந்த இடம்வரை இன்னும் தீட்டுங்கள், ஏறும். ரப்பரால் லேசாகத் துடைத்தால் இறங்கும். ஒரே அகலக் கோட்டில் கிளிப்பிலிருந்து ஏறத்தாழ இருமடங்கு தூரம் போனால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். எனவே மேல் ஸ்வரங்கள் நெருக்கமாகவும் கீழ் ஸ்வரங்கள் தள்ளித்தள்ளியும் அமையும்.

ஒலியே வரவில்லையா? கோட்டுக்குப் பதிலாக 100 கிலோஓம் ரெசிஸ்டரை வையுங்கள். ஏறக்குறைய 690 ஹெர்ட்ஸில் கீச்சிட்டால் சர்க்யூட் சரி, கோடுதான் மெலிவு. அப்போதும் மௌனமென்றால் முதலில் 2-6 இணைப்பைப் பாருங்கள்.