கையைக் கட்டினால் மட்டும் போதாது: மந்திரம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை சனிக்கிழமை இரவானால் பாதாளச் சிறையாகிவிடும். ஐந்து பேர், ஒரு கிண்ணம் நிறையப் பகடைகள், ஆறிப்போன தே தாரிக், நடுவில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். கதையை நடத்தும் டிஎம் நான். அரக்கர்களை மேய்ப்பது எனக்குச் சுலபம். "மந்திரம் பலிக்குமா, பலிக்காதா" என்று மேசையில் எழும் வழக்கைத் தீர்ப்பதுதான் பெரும்பாடு.

ஒவ்வொரு மந்திரத்தின் விவரத்திலும் வி, எஸ், எம் என்ற எழுத்துகளில் ஒன்றோ இரண்டோ மூன்றுமோ இருக்கும். வி இருந்தால் வாயால் ஓத வேண்டும். எஸ் இருந்தால் கையால் முத்திரை காட்ட வேண்டும். எம் இருந்தால் ஏதோ ஒரு பொருள் வேண்டும். புதிதாக ஆட வருகிறவர்கள் இதை மளிகைச் சீட்டைப்போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிரிக்கு எத்தனை பகடை அடி விழும் என்ற வரிக்குத் தாவிவிடுகிறார்கள். அந்த எழுத்துகள் சொல்வது வேறு: இந்த மந்திரத்தை எங்கே பிடித்தால் நிறுத்தலாம் என்பதை. வாயை அடைத்தாலா, கையைப் பிடித்தாலா, பையைப் பறித்தாலா?

வாயிலிருந்து தொடங்குகிறேன், அதிகக் குழப்பம் அங்கேதான். ஒரு நாள் எங்கள் குழு கோட்டை வாசலில் நின்றது. மந்திரவாதியாக ஆடும் தம்பி, சொன்னதைச் செய்யவைக்கும் சஜெஷன் மந்திரத்தைக் காவலன்மீது போடுவதாகச் சொன்னான். "அக்கா, அவன் காதருகே போய், கதவைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போ என்று கிசுகிசுக்கிறேன். பக்கத்தில் நிற்பவனுக்குச் சந்தேகமே வராது." அவன் பார்வையில் அந்த வாக்கியமே மந்திரம். ஆட்டத்தின் விதியில் அப்படி இல்லை. முதலில் புரியாத ஒலிகளை ஓத வேண்டும், பிறகுதான் காவலனிடம் சொல்ல வந்ததைச் சொல்ல முடியும். ஆக, பக்கத்தில் நிற்பவன் முதலில் கேட்பது சாப்பாட்டுப் பேச்சை அல்ல, மந்திரம் ஓதும் சத்தத்தை. அவன் ஈட்டியை நீட்டினான். தம்பி என்னை முறைத்தான்.

கிசுகிசுக்கலாமா என்பது அடுத்த வழக்கு. 2014ஆம் ஆண்டு விதிநூல் எவ்வளவு சத்தம் வேண்டும் என்று சொல்லவில்லை. 2024ஆம் ஆண்டுப் பதிப்பு, சாதாரணமாகப் பேசும் குரலில் ஓத வேண்டும் என்று முடித்துவிட்டது. பழைய பதிப்பில் ஆடினாலும் நான் கிசுகிசுப்பை ஏற்பதில்லை. சொற்களின் பொருளில் சக்தி இல்லை, குறிப்பிட்ட சுருதியிலும் அதிர்விலும் எழும் ஒலிச்சேர்க்கையில்தான் இருக்கிறது என்று அந்த நூலே சொல்கிறது. முணுமுணுப்பில் சுருதி ஏது? உச்சரிப்பு பிசகினால் சுலோகம் பலிக்காது என்று பாட்டியிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்களுக்கு இது புரிய அரை நிமிடம்கூட ஆகாது.

சிலர் உணர்ச்சிவசப்பட்டு "சூ மந்திரக்காளி" என்று கத்திவிட்டு, அதற்காகக் கூடுதல் பகடை கேட்பார்கள். கிடைக்காது. ஓதுவது கதாபாத்திரம், ஆடுபவர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. இந்தப் பயத்தினாலேயே மந்திரவாதி வேண்டாம், வாளே போதும் என்று ஒதுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எதிரி மந்திரவாதியைச் சிறைபிடிக்கும்போது நடப்பது இன்னொரு தவறு. எங்கள் குழு ஒருத்தியைப் பிடித்து, மணிக்கட்டை இறுகக் கட்டி, வெற்றிக் களிப்பில் அடுத்த அறைக்குப் போனது. திரும்பி வந்தபோது கயிறு மட்டும் தரையில் கிடந்தது. மிஸ்டி ஸ்டெப் மந்திரத்துக்கு வி மட்டும் போதும், கை தேவையில்லை. கண்ணுக்குத் தெரியும் இடமாக இருந்தால் 30 அடி தூரம் ஒரே தாவலில் போய்விடலாம். கிராமத்துக் கதைகளில் வரும் மாந்திரீகர்கள் வாய்க்கட்டு போடுவார்களே, அதைத்தான் இங்கே செய்திருக்க வேண்டும். கண்ணையும் கட்டியிருந்தால் இன்னும் நல்லது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. சைலன்ஸ் மந்திரத்தால் 20 அடி ஆரமுள்ள கோளத்தில் நிசப்தத்தை இறக்கிவிட்டால் உள்ளே இருக்கும் மந்திரவாதி செத்த பாம்பு என்று நினைப்பது. வி உள்ள மந்திரங்கள் அங்கே பலிக்காது, உண்மைதான். ஆனால் எதிராளியின் மந்திரத்தை முறிக்கும் கவுண்டர்ஸ்பெல்லுக்கு எஸ் மட்டுமே. 60 அடிக்குள் யார் மந்திரம் போடுவது கண்ணில் பட்டாலும், நிசப்தத்துக்குள் நின்றபடியே அவர் கையசைவால் அதை முறிக்கலாம். சோர்சரர் என்ற பிறவி மந்திரவாதி வகுப்பினர் தங்களுக்கென உள்ள மந்திரப் புள்ளிகளில் ஒன்றைச் செலவழித்து, ஓதலும் முத்திரையும் இல்லாமலே மந்திரம் போட வழி இருக்கிறது. அவர்களிடம் பணிவாக இருங்கள்.

கை விஷயம் சின்னது. முத்திரைக்கு ஒரு கை காலியாக இருக்க வேண்டும். ஒரு கையில் கதாயுதமும் மறு கையில் கேடயமும் ஏந்திய கிளெரிக் என்ற பூசாரி வகுப்பினர், கேடயத்தில் தன் தெய்வச் சின்னம் இருப்பதால் எல்லா மந்திரமும் போடலாம் என்று நினைப்பார். எம் உள்ள மந்திரத்துக்கு அது சரி, சின்னமே பொருளுக்கு ஈடாகும், அதை ஏந்திய கையே முத்திரையும் காட்டலாம். ஆனால் காயத்தை ஆற்றும் கியூர் வூண்ட்ஸ் மந்திரத்தில் எம் இல்லை. கதாயுதத்தை உறையில் செருகிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வார் கேஸ்டர் என்ற திறனை எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பொருள்களுக்கு வருவோம். தீப்பந்து எறியும் ஃபயர்பாலுக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும் என்று படித்ததும், "பத்துமலைக்குப் போய் அள்ளி வரலாமே அக்கா" என்றான் ஒருவன். நியாயமான யோசனை. 1860களில் சீனக் குடியேறிகள் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக அங்கே அதைத்தான் அள்ளினார்கள். ஆனால் ஆட்டத்தில் இப்படி ஒவ்வொன்றாகத் தேடி அலைவது வீண் வேலை. 25 பொற்காசுக்கு ஒரு பொருள்பை வாங்கினால், அல்லது உங்கள் வகுப்புக்கு உரிய கோலோ படிகமோ கையில் இருந்தால், விலை குறிக்கப்படாத, செலவாகிப் போகாத பொருள்கள் எல்லாவற்றுக்கும் அதுவே ஈடு. அந்தப் பொருள்களில் பாதி கேலிதான். எச்சத்தில் வெடியுப்புச் சத்து, கூடவே கந்தகம்: வெடிமருந்து. மின்னல் மந்திரத்துக்கு ரோமமும் கண்ணாடிக் கோலும்: தேய்த்தால் மின்னேற்றம். மனத்தைப் படிக்கும் மந்திரத்துக்கு ஏன் செப்புக் காசு என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. நினைப்பதைச் சொன்னால் ஒரு பென்னி தருகிறேன் என்று ஆங்கிலேயர்கள் சொல்வார்களாம்.

விலை குறித்த பொருள் வந்தால் சிரிப்பு நின்றுவிட வேண்டும். மாயப்பொருள் இன்னதென்று கண்டறியும் ஐடெண்டிஃபை மந்திரம் 100 பொற்காசு மதிப்புள்ள முத்து ஒன்றைக் கேட்கிறது. ஒருமுறை வாங்கினால் போதும், அது செலவாகாது. இறந்து ஒரு நிமிடத்துக்குள் உயிர்ப்பிக்கும் ரெவிவிஃபைக்கு 300 பொற்காசு வைரம் வேண்டும், ஒவ்வொரு முறையும் அது போய்விடும். எங்கள் கிளெரிக்கிடம் 900 பொற்காசு இருந்தது, வைரம் இல்லை. தோழி குகைத் தரையில் விழுந்து கிடக்க, "அதில் முந்நூறைக் கழித்துக்கொள்ளுங்கள் அக்கா" என்றான். கையிலே காசு வாயிலே தோசை என்பது கடையில் செல்லும். குகையில் எந்தக் கடை? ஆட்டத்தில் ஒரு நிமிடத்துக்குப் பத்துச் சுற்று. பத்தும் கெஞ்சலிலேயே போயிற்று.

இப்போது எந்த ஊருக்குள் நுழைந்தாலும் அவன் முதலில் விசாரிப்பது நகைக்கடையை. போன வாரம் புதிதாக ஒரு வழக்கு கொண்டுவந்தான். மஸ்ஜித் இந்தியாக் கடைத்தெருவில் அவன் அம்மா செய்வதுபோலப் பேரம் பேசி, 300 பொற்காசு வைரத்தை 250க்கு வாங்கினால் மந்திரம் பலிக்குமா? பலிக்கும் என்றேன், விதி கேட்பது கல்லின் மதிப்பை, ரசீதை அல்ல. அப்படியானால் 200 பொற்காசுக் கல்லை 300 கொடுத்து வாங்கி ஏமாந்தால்? பலிக்காது. அவன் உடனே அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தான்.