பழைய கடற்கரை ஓவியம் பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ரொக்கோக்கோ (18ஆம் நூற்றாண்டின் அலங்காரமான கலைப்பாணி) காலத்துப் பிரெஞ்சு கடற்கரை ஓவியம் ஒன்றைப் பார்த்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்த ஊர்?" சில படங்களில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பிரெஞ்சு ஓவியர் கிளோட் ஜோசப் வெர்னேவை (1714–1789) எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் இருந்த இருபது வருடத்தில் அவர் வரைந்து விற்ற துறைமுகங்களில் பல எங்குமே இல்லாதவை. ஒரு கலங்கரை விளக்கம், குடைந்த பாறை, இடிந்த கோபுரம் என்று அங்கங்கே பார்த்ததைச் சேர்த்து அவரே கட்டிய ஊர்கள்.

அதற்காக எல்லாமே கற்பனை என்று முடிவு கட்டுவதும் தவறுதான். 15ஆம் லூயி மன்னருக்காக 1753-இல் அவர் ஏற்றுக்கொண்ட பிரான்சின் துறைமுகங்கள் வரிசை இதற்கு நேர் எதிர். ஊர் பார்த்தவுடன் தெரிய வேண்டும், அந்த ஊர்த் தொழில் முன்னால் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. 24 படங்கள் என்று திட்டம், 15 தான் முடிந்தன.

பெரிய தவறு என்று நான் நினைப்பது, வானத்தையும் அலையையும் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவது. தயவுசெய்து கீழ்ப்பகுதிக்கு வாருங்கள், நிதானமாகப் பாருங்கள். அந்தத் துறைமுக வரிசையில் உள்ள பந்தோல் வளைகுடாப் படத்தில் சூரை மீன் வேட்டை நடக்கிறது. மீனவர்கள் வலையோடு மல்லுக்கட்ட, பட்டு உடுத்திய சீமான்களும் சீமாட்டிகளும் படகில் வந்து அதை வேடிக்கை பார்க்கிறார்கள். ரொக்கோக்கோ என்றாலே ஊஞ்சலும் இளஞ்சிவப்பும்தான் என்று நினைப்பவர்கள் இந்தப் படகைப் பார்க்க வேண்டும், அந்தக் காலத்தின் உல்லாசம் முழுக்க அதில் இருக்கிறது. அப்புறம் மார்செய் துறைமுக வாயில் படம் (1754): கரையில் உட்கார்ந்து வரைகிறாரே ஒருவர், அவர் வெர்னேயேதான்!

புயலைப் பார்க்க வெர்னே தன்னைக் கப்பலின் பாய்மரத்தில் கட்டச் சொன்னார் என்ற கதையை அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தக் காட்சியைப் படமாக்கியவர் அவருடைய பேரன் ஓராஸ், அதுவும் 1822-இல், தாத்தா இறந்து 33 வருடம் கழித்து. அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

கடைசியாக நிறம். படம் முழுக்கப் பொன்மஞ்சளாக இருந்தால் உடனே "மாலை வெயில்" என்று சொல்லிவிடாதீர்கள், மேலே பூசிய வார்னிஷ் வயதாகிப் பழுத்திருக்கலாம். ஒரு பாய்த்துணியின் வெள்ளையைத் தேடுங்கள். நிழல் பக்கம்கூட டீ கொட்டியது போல இருந்தால், பெரும்பாலும் அது வார்னிஷின் வேலை.