அலாரத்தை நிறுத்தும் முன்: காவலாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிகளைச் சேர்ந்த நம்மவர் சிலர் கிடங்குகளிலும் கடைகளிலும் காவல் வேலை பார்க்கிறார்கள். அலாரச் செய்திகள் வந்து சேரும் கண்ட்ரோல் ரூமில் சில ஆண்டுகள் இரவுப் பணியில் இருந்தவன் என்ற முறையில், அங்கே நான் திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளை எழுதுகிறேன். அவற்றுள் பெரியது, அலாரம் ஏன் அடித்தது என்று பார்க்கும் முன்பே அதை நிறுத்திவிடுவதுதான்.

ஒரு கிடங்கின் பின்கதவு சென்சார் ஒரே இரவில் மூன்று முறை அலறியது. முதல் முறை காவலாளி டார்ச்சுடன் போய்ப் பார்த்தார், யாரும் இல்லை. இரண்டாம் முறை தன் அறை வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை, பூனையாக இருக்கும் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, அந்தக் கதவை மட்டும் அலாரத்திலிருந்து விலக்கி வைத்தார். நாங்களும் மறுகேள்வி கேட்கவில்லை. சிறிது நேரத்தில் திருடர்கள் அதே கதவு வழியாக உள்ளே நுழைந்தார்கள். அலாரத்தை வேண்டுமென்றே தூண்டித் தூண்டிக் காவலாளிக்குச் சலிப்பு உண்டாக்குவது பழைய தந்திரம் என்பதால், முதல் ஒலியைவிட இரண்டாவது ஒலியையே அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும். ஒரு சென்சாரை விலக்கித்தான் ஆகவேண்டும் என்றால், மேலாளரின் அனுமதி பெற்று, சம்பவப் பதிவேட்டில் நேரத்துடன் எழுதி, சரிசெய்யும் வரை அந்த இடத்தில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும்.

அடுத்தது மின்வெட்டு பழக்கிவிட்ட அலட்சியம். 2007-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2023-இல் மிகக் கடுமையாக இருந்த லோட்ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) காலத்தில், அலாரப் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரிகள் முழுதாக ஏறுவதற்குள் மீண்டும் மீண்டும் இறங்கி, ஆயுள் முடியும் முன்பே பழுதாயின. பேட்டரி குறைந்துவிட்டது என்று பெட்டி எழுப்பும் சிறு ஒலியை, தொந்தரவு என்று அடக்கி வைத்தவர்கள் பலர். மின்சாரம் போன நேரத்தில் பேட்டரியும் இல்லையென்றால் அந்த அலாரம் வெறும் பெட்டிதான்.

ஆபத்தில் உதவி கேட்டு அழுத்தும் பேனிக் பட்டனை மேசை இழுப்பறையில் வைப்பவர்களை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. அது உடம்போடு இருக்க வேண்டிய பொருள். பல கருவிகளில் பட்டனைச் சில விநாடிகள் விடாமல் அழுத்தினால்தான் செய்தி போகும். தட்டிவிட்டு எடுத்தால் போகாது. ரேடியோ அலையைத் தடுக்கும் ஜாமர்களும் இந்நாட்டில் புழங்குவதால், பணி மாறும் ஒவ்வொரு முறையும் கண்ட்ரோல் ரூமுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒருமுறை அழுத்தி, அங்கே வந்து சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். துப்பாக்கி முனையில் நிற்கும்போது கண்ட்ரோல் ரூமிலிருந்து திரும்ப அழைப்பு வந்தால் சொல்லவேண்டிய ரகசியச் சொல்லையும் அப்போதே நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. அதை மறந்து ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிட்டால், உதவிக்குப் புறப்பட்ட வண்டி பாதி வழியில் திரும்பிவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டுவிட்டு, யாராவது போலீஸை அழைத்திருப்பார்கள் என்று காத்திருப்பதும் தவறு. காவல்துறைக்கு 10111, ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. அழைத்தவுடன், நடந்ததை விவரிக்கும் முன், கட்டட எண்ணையும் சாலைப் பெயரையும் அருகிலுள்ள சந்திப்பையும் சொல்ல வேண்டும். பாதியில் அழைப்பு அறுந்தாலும் வண்டி எங்கே வரவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.