எலி ஆராய்ச்சியை நம்பி ராச்சாப்பாட்டை விடுமுன்

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை நடைக்குப் போன இடத்தில் சித்தப்பாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்: "எலிக்குத் தீனியைக் குறைச்சா ஆயுசு கூடுதாம்." அன்றிலிருந்து ராத்திரிக்கு வெறும் மோர். ஒரே வாரத்தில் மாடிப்படியில் தலைசுற்றல். ஆய்வுக்கூட எலி சர்க்கரை மாத்திரை போடுவதில்லை, சித்தப்பா போடுகிறார். மாத்திரை போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.

செய்தி பொய்யில்லை. 1935-லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே குழுவினர் எலிகளிடம் இதைப் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் குறைத்தது கலோரியை. வைட்டமின், தாது உப்புகளில் குறை வைக்கவில்லை. மோர் குடித்துப் படுப்பது அந்தக் கணக்கில் வராது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. குறைவாகத் தின்ற விலங்கையே பார்க்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த விலங்கு என்ன தின்றது என்று கேட்பதில்லை. அமெரிக்காவில் ரீசஸ் குரங்குகளை வைத்து 1980-களின் கடைசியில் இரண்டு ஆய்வுகள் தொடங்கின. இரண்டிலும் சுமார் 30 சதவீதம் குறைப்பு. முதுமை நோய்களால் வரும் சாவு குறைந்தது என்று 2009-ல் விஸ்கான்சின் குழு சொன்னது. ஆயுள் கூடவில்லை என்று 2012-ல் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் சொன்னது. ஏன்? விஸ்கான்சின் தீனியில் நூற்றுக்குச் சுமார் 28 பங்கு சர்க்கரை. ஒப்பீட்டுக் குரங்குகள் வேண்டுமட்டும் தின்றன. மற்ற இடத்தில் சர்க்கரை சுமார் 4 பங்குதான், ஒப்பீட்டுக் குரங்குக்கும் அளந்தே போட்டார்கள். தினம் இரண்டு ஜிகர்தண்டா குடிப்பவர் பக்கத்தில் நின்றால் ஒன்று குடிப்பவர் பத்தியக்காரர்தான்!

2017-ல் இரு குழுக்களும் சேர்ந்து கணக்குப் பார்த்தன. குறைப்பதில் நன்மை உண்டு, ஆனால் இளவயதிலேயே தொடங்கிய குரங்குகளுக்கு ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. பேரப்பிள்ளைகள் தட்டில் கைவைக்காதீர்கள்.

எல்லா எலியும் ஒன்று என்று நினைப்பதும் தப்பு. 2010-ல் 41 மரபு வகைச் சுண்டெலிகளுக்குத் தீனியை 40 சதவீதம் குறைத்தபோது, ஆயுள் கூடிய வகைகளைவிடக் குறைந்த வகைகளே அதிகம்.

அப்புறம் நேரம். 2022-ல் வந்த ஆய்வில், 30 சதவீதம் குறைத்த தீனியை நாள் முழுக்கப் பிரித்துப் போட்ட ஆண் சுண்டெலிகளுக்கு ஆயுள் 10 சதவீதம் கூடியது. ராத்திரியில் மட்டும் போட்டவற்றுக்கு 35.

இதைச் சொன்னதும் சித்தப்பா முகம் மலர்ந்துவிட்டது. "ராத்திரி தின்னாத்தான் நல்லதா? அப்பக் கறிதோசைக்குப் போவோம்." எலிக்கு ராத்திரிதான் பகல் என்று நான் சொல்வதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.