ஜிஆர்பிஎல் போர்டுக்கும் இஎஸ்சிக்கும் நடுவுல ஒரு நானோ

சின்ன சிஎன்சி மெஷின்ல வர்ற மோட்டார் சத்தம் தாங்காம நிறைய பேரு பிரஷ்லெஸ் மோட்டாரை ஸ்பிண்டிலா (பிட்டை சுத்தற மோட்டாரா) மாட்டிடுறாங்க, மாட்டினப்புறம்தான் ஜிஆர்பிஎல் (மெஷினை ஓட்டற சாஃப்ட்வேர்) அனுப்புற சிக்னல் வேற, இஎஸ்சி (பிரஷ்லெஸ் மோட்டாரோட ஸ்பீடு கன்ட்ரோலர்) கேக்குற சிக்னல் வேறன்னு தெரிய வருது. அர்டுயினோ ஊனோ போர்டுல ஜிஆர்பிஎல் 1.1 போட்டா பின் 11ல செகண்டுக்கு சுமார் 976 தடவை அடிக்கிற பிடபிள்யூஎம் (ஆன் நேரத்தோட அளவுல ஸ்பீடைச் சொல்ற சிக்னல்) வரும். இஎஸ்சிக்கு வேண்டியது செகண்டுக்கு 50 பல்ஸ், அகலம் 1000 மைக்ரோசெகண்ட்னா நிக்கும், 2000ன்னா ஃபுல் ஸ்பீடு. நடுவுல ஒரு அர்டுயினோ நானோ வெச்சு இதை அதுவா மாத்தணும், அவ்ளோதான்.

கணக்கு ரொம்ப ஈஸி. ஊனோவோட கிளாக் 16 மெகாஹெர்ட்ஸை 64ஆல வகுத்தா ஒரு டிக் 4 மைக்ரோசெகண்ட், 256 டிக் சேந்தா ஒரு சுத்து 1024 மைக்ரோசெகண்ட். அப்போ ஒவ்வொரு சுத்துலயும் சிக்னல் ஹையா (ஆன்ல) இருக்கற நேரத்தை அளந்து அதோட 1000 கூட்டினாலே இஎஸ்சிக்கு வேண்டிய நம்பர் வந்துடுது, 2000த்தை தாண்டாம மட்டும் பாத்துக்கங்க. ஜிஆர்பிஎல் செட்டிங்ல $30=1000 (அதிகபட்ச ஸ்பீடு), $31=0 (குறைந்தபட்சம்), $32=0 (லேசர் மோடு ஆஃப்)ன்னு வெச்சு எஸ்500ன்னு ஸ்பீடு கமாண்ட் கொடுத்தா 1500 பக்கத்துல நிக்கும்.

வயரிங். ஊனோ மேல குத்துற சிஎன்சி ஷீல்டு வி3 போர்டுல ஸ்பிண்டில் எனேபிள்னு எழுதியிருக்கற இடத்துல தேடாதீங்க, அது பழைய ஜிஆர்பிஎல் வெர்ஷனுக்கு அச்சடிச்சது, பிடபிள்யூஎம் இப்ப இசட் எண்ட்ஸ்டாப் பின்லதான் வருது. அங்கேருந்து 1கே ரெசிஸ்டர் வழியா நானோவோட டி2 பின்னுக்கு, டி2லேருந்து கிரவுண்டுக்கு ஒரு 10கே (வயர் கழண்டாலும் மோட்டார் நிக்கறதுக்கு). டி9லேருந்து இஎஸ்சி சிக்னல் வயர். எல்லா கிரவுண்டும் ஒண்ணா சேரணும். இஎஸ்சி 5 வோல்ட் கொடுக்கற வகைன்னா, சிக்னல் வயரோட சேந்து வர்ற மெல்லிசு செவப்பு வயர்லேருந்து நானோவுக்கு 5 வோல்ட் கொடுக்கலாம், ஆனா யூஎஸ்பி குத்தி கோடு ஏத்துற நேரத்துல அந்த செவப்பை உருவிடுங்க.

கோடுல இஎஸ்சிக்கு பல்ஸ் அனுப்ப சர்வோ லைப்ரரியோட ரைட் மைக்ரோசெகண்ட்ஸ், உள்ள வர்ற சிக்னலை அளக்க பல்ஸ்இன். மாட்டிக்கறது இங்கதான். பல்ஸ்இன் ஏறி இறங்குற சிக்னலைத்தான் அளக்கும், எஸ்1000 கொடுத்தா பின் 11 இறங்காம ஹையிலயே நின்னுடும், பல்ஸ்இன் 0ன்னு சொல்லும், ஃபுல் ஸ்பீடு கேட்டா மோட்டார் படுத்துக்கும். அதனால 0 வந்தா உடனே டிஜிட்டல்ரீட் பண்ணி, ஹைன்னா 2000, லோன்னா 1000. டைம் அவுட் நீங்களே 3000 மைக்ரோசெகண்ட்னு கொடுங்க, விட்டுட்டா டீஃபால்ட் ஒரு செகண்ட், எம்5 (ஸ்பிண்டிலை நிறுத்துற கமாண்ட்) கொடுத்தப்புறமும் வெட்டற பிட்டு அவ்ளோ நேரம் சுத்தும். சர்வோ லைப்ரரியோட இன்டரப்ட்டால அளவு அங்கங்க குதிக்கும், அஞ்சு தடவை அளந்து நடு மதிப்பை எடுத்தா அடங்கிடும்.

அடுத்தது கரண்ட். கடலூர்லயும் பாண்டியிலயும் மழைக்காலத்துல கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னு சொல்ல முடியாது. எஸ்எம்பிஎஸ் (மோட்டாருக்கு கரண்ட் கொடுக்கற பவர் சப்ளை) செத்துடும், நானோவும் கூடவே செத்துடும், ஆனா ஊனோ லேப்டாப் யூஎஸ்பில உயிரோட இருக்கு, எம்3 (ஸ்பிண்டிலை சுத்தச் சொல்ற கமாண்ட்) ஆன்லயே இருக்கு. நீங்க ஜாப்பை கழட்ட கையை விட்டிருப்பீங்க, கரண்ட் வரும், நானோ எழுந்திருக்கும், ஸ்பிண்டில் சுத்த ஆரம்பிச்சுடும். இதுக்கு ஒரே வழி, நானோ ஸ்டார்ட் ஆனதும் மூணு செகண்ட் 1000 அனுப்பட்டும் (இஎஸ்சி ஆர்ம் ஆகவும், அதாவது ஓடத் தயாராகவும், இது வேணும்), அப்புறம் இன்புட் ஒரு தடவையாவது 0க்கு வந்ததை பாக்குற வரைக்கும் 1000லயே உக்காரட்டும். நாலு வரி கோடு, இதை விட்டுட்டு மீதியை எவ்ளோ அழகா எழுதினாலும் அந்த மெஷின் பக்கத்துல நான் நிக்க மாட்டேன். எமர்ஜென்சி ஸ்டாப்பும் இஎஸ்சிக்கு போற பவரையே வெட்டணும், சிக்னலை இல்ல.

ஸ்பீடை ஏத்தும்போது 20 மில்லிசெகண்டுக்கு 5 மைக்ரோசெகண்ட் வீதம் ஏத்துங்க, நாலு செகண்ட்ல ஃபுல் வரும், எஸ்எம்பிஎஸ் மூச்சு வாங்காது. இறக்கறது ஒரே அடியா. பாண்டி காந்தி ரோடு சண்டே மார்க்கெட்ல கெடைக்கிற பழைய அடாப்டரை நம்பி மட்டும் இறங்காதீங்க.

டூபான்ட் வயர் (பின்ல சும்மா குத்துற வயர்) டெஸ்ட்டோட சரி. நம்ம உப்புக்காத்துல பின் பச்சை புடிச்சு சிக்னல் விட்டு விட்டு வரும், அதனால சால்டர் வெச்சு ஹீட் ஷ்ரிங்க் போட்டுடுங்க. டெஸ்ட் பண்றப்ப பிட்டை கழட்டிட்டு எஸ்100, எஸ்500, எஸ்1000, எம்5, அதுக்கப்புறம் மறுபடி எம்3 கொடுத்து ஓடிட்டிருக்கும்போதே எஸ்எம்பிஎஸ் சுவிட்சை ஆஃப் பண்ணி மறுபடி போடுங்க, மோட்டார் அசையாம இருந்தாதான் பிட்டை மாட்டணும்.